தொட வேண்டாம் என்று சொன்ன படம்

என் போட்டோவில் இல்லாத பறவைகளை முதன்முதலாக நான் பார்த்தது குளச்சல் கல்யாணம் ஒன்றின் ஆல்பத்தில். அன்றைக்குக் காலையிலிருந்தே தூறல். கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது, வானம் அதைவிட மோசம். மாப்பிள்ளையையும் பெண்ணையும் கரைப் பாறைகளின் மேல் நிற்கவைத்துக் குடையோடு எடுத்தேன். நனைந்த குடையும் நனைந்த கல்லும், ஈரத்துக்கு ஒதுங்கி இருவரும் கொஞ்சம் கூடுதலாக நெருங்கி நின்றதும் சேர்ந்து எனக்கே பிடித்த படமாக வந்திருந்தது. ஆல்பம் கைக்கு வந்தபோது வானம் நீலமாக இருந்தது. மூன்று வெள்ளைப் பறவைகள் பறந்துகொண்டிருந்தன. குடை மட்டும் அப்படியே இருந்தது. இந்த வெயிலில் எதற்குக் குடை என்று பெண் வீட்டில் யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அப்போது நான் தக்கலையில் ஸ்டுடியோ போட்டுப் புதிது. படம் எடுப்பது நான். அதை அடுக்கி, வடிவமைத்து, ஆல்பமாக அச்சடித்துத் தருவது மார்த்தாண்டத்தில் ஒரு லேப். மேம்பாலம் வருவதற்கு முந்தைய மார்த்தாண்டம். நெரிசலில் பைக்கைச் சொருகிவிட்டு மாடியேறினால் முன்னறையில் லேப் முதலாளி இருப்பார். உள்ளறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு அக்கா இருப்பாள். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் மேற்கே களியக்காவிளையிலிருந்து கிழக்கே ஆரல்வாய்மொழி வரைக்கும் கல்யாணம் எடுக்கிற அத்தனை போட்டோகிராபர்களுக்கும் அவள் டிசைனர் அக்காதான். கருங்கல் பக்கம் வீடு. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார். இப்போது அவளும் அங்கேதான் என்று கேள்வி.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கீழே இருக்கும் யூ.பி.எஸ். பெட்டியின் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் ஃபிளாஸ்க் நிறையப் பால் விடாத கட்டன் சாயா. வாயில் எப்போதும் ஒரு சர்ச் பாட்டின் முனகல். அந்த முனகலைத்தான் நாங்கள் முன்னறையில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்போம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அக்கா படங்களை அடுக்குகிறாள், பயமில்லை. பாட்டு சட்டென்று நின்றால் யாருடைய படத்திலோ கை வைத்துவிட்டாள் என்று அர்த்தம். அப்போது ஒவ்வொருவனும் அது தன் படமாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வான்.

குளச்சல் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளறைக்குப் போனேன்.

"வானத்த எதுக்கு அக்கா மாத்துனீங்க?"

"மாத்தல்லியே. மழைய நிறுத்துனேன்."

"கல்யாணத்தன்னைக்கு மழ பெய்தா நல்லதுன்னுதானே சொல்லுவாங்க?"

"பெய்யட்டும். ஆல்பத்தில பெய்யாண்டாம்."

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

அக்கா மவுசை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டா வேண்டாம்னு சொல்லுவ. கேக்காம செய்தா கொள்ளாம்னு சொல்லுவ. பின்ன எதுக்கு மக்கா கேக்கணும்?"

நான் கொள்ளாம், நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை என்பதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. அந்த மாதக் கடைசியில் டீக்கடையில் சக போட்டோகிராபர் ஒருவர் களியக்காவிளைக் கல்யாண ஆல்பம் ஒன்றைக் காட்டினார். அதிலும் அதே மூன்று பறவைகள், அதே வரிசையில். கடலே இல்லாத ஊரில் அவை எதைப் பிடிக்க வந்தனவோ தெரியவில்லை.

எங்கள் தொழிலில் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. வெளிச்சம் குறைந்திருந்தால் கூட்டலாம். நிறம் வெளுத்திருந்தால் சரிசெய்யலாம். பருவை எடுத்துவிடலாம், மச்சத்தை எடுக்கக் கூடாது. பரு அடுத்த வாரம் போய்விடும், மச்சம் கூடவே பிறந்தது. அதற்குமேல் எதைத் தொடுவதென்றாலும் எடுத்தவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவன் மாட்டேன் என்று சொல்லப்போவதில்லை. கல்யாண வீட்டுக்காரர் கேட்டால் மலையையே நகர்த்தி வைக்கச் சம்மதிக்கிறவர்கள்தான் நாங்கள். ஆனாலும் கேட்க வேண்டும். சமையல்காரர் இறக்கிவைத்த சாம்பாரில் பரிமாறுகிறவர் தன் இஷ்டத்துக்கு உப்பு அள்ளிப் போடுவாரா? அக்காவுக்கு இந்தச் சட்டம் நன்றாகத் தெரியும். தெரிந்தே மீறினாள் என்பதுதான் என் கட்சி.

என் மூஞ்சியைக்கூட விட்டுவைக்கவில்லை. விசிட்டிங் கார்டு அடிக்க என் படத்தைக் கொடுத்திருந்தேன். எனக்கு இடது காது கொஞ்சம் விரிந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் அதற்காகப் பட்டப்பெயரெல்லாம் வாங்கியிருக்கிறேன். கார்டு வந்த அன்று என் மனைவி அதைக் கையில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது ஆரு?"

"நான்தான்."

"ஒங்கள மாதிரிதான் இருக்கு. ஆனா கொள்ளாம்."

பிறகுதான் கவனித்தேன். காது தலையோடு ஒட்டி, அடக்க ஒடுக்கமாக இருந்தது. அன்றிலிருந்து யாரிடம் கார்டை நீட்டினாலும் அவர் கார்டையும் என் காதையும் மாறி மாறிப் பார்ப்பதுபோல எனக்கு ஒரு சந்தேகம். அக்காவிடம் கேட்டபோது, "எந்தக் காது?" என்றாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்த முகத்தை வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில்கூடப் பொய் சொல்லலாம்.

எல்லாமே சிரிப்பாகவும் இல்லை. கடற்கரை ஊர் ஒன்றில், அப்பா இறந்து வருஷம் திரும்புவதற்குள் நடந்த கல்யாணம் அது. சர்ச் படிக்கட்டில் குடும்பத்தை நிறுத்தி எடுத்தேன். எடுக்கும்போதே அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி தானாக விழுந்திருந்தது. அவர்களும் அதை நிரப்பவில்லை, நானும் நெருங்கி நிற்கச் சொல்லவில்லை. ஆல்பம் போன மறுநாள் பெண்ணின் அண்ணன் ஸ்டுடியோவுக்கு வந்தான். நல்ல வாட்டசாட்டமான ஆள், கடலுக்குப் போகிறவன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான்.

"அப்பாவக் கூட்டிட்டு வந்திட்டியளே அண்ணே" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் தோளுக்கு மேல் எட்டி, விரித்து வைத்திருந்த ஆல்பத்தைப் பார்த்தேன். அந்த இடைவெளியில் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெயில் மற்றவர்கள் மேல் விழுந்த பக்கத்திலிருந்தே அவர் மேலும் விழுந்தது. நான் எடுக்காத ஆளுக்காக என்னை ஒருவன் கட்டிப்பிடித்து அழுகிறான். விலக்கவும் முடியவில்லை, முதுகில் தட்டிக் கொடுக்கவும் கை வரவில்லை.

அப்புறம் விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வீட்டுக்காரர்கள் லேப்புக்கு வருவது வழக்கம். செலக்சன் என்போம். அப்படி வந்த இடத்தில் அந்தப் பெண் பர்சிலிருந்து அப்பாவின் சின்னப் படத்தை எடுத்துக் காட்டியிருக்கிறாள். அக்கா அதை வாங்கி ஸ்கேன் பண்ணிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டாள். என்ன செய்யப்போகிறேன் என்று பெண்ணிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

"தல கிடச்சது செரி அக்கா. ஒடம்பு ஆருக்க?"

"அது களியக்காவிளை மாப்பிளைக்க சித்தப்பன். நல்ல கோட்டு. தோள் அளவும் ஒத்து வந்துது."

"அந்தச் சித்தப்பன் அறிஞ்சா என்ன ஆவும்?"

"என்ன ஆவும்? அவருக்க ஒடம்பு அவருட்டதானே இருக்கு."

சொல்லிவிட்டுச் சாயாவை ஊதிக் குடித்தாள். பாராட்டை நான் வாங்க, வேலையை அவள் செய்ய, இதில் திருடன் யார் என்ற கேள்வி பைக்கில் திரும்பி வரும் வழியெல்லாம் என்னை அரித்துக்கொண்டே வந்தது.

அவளுடைய வேலையில் யாராவது கை வைத்தால் மட்டும் உலகம் இடிந்துவிடும். ஒருமுறை அவள் செய்து வைத்திருந்த அட்டைப்படத்தைச் சுற்றி லேப் முதலாளி ஒரு தங்கக் கரையைச் சேர்த்துவிட்டார். பார்ட்டிக்குப் பளபளப்பாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார், பாவம். அக்கா கீபோர்டின் மேல் துவர்த்துத் துண்டை விரித்து மூடிவிட்டு, ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கருங்கலுக்குப் பஸ் ஏறிவிட்டாள். முதலாளி கரையை எடுத்துவிட்டேன் என்று போனில் சத்தியம் பண்ணிய பிறகுதான் திரும்பி வந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். வந்த அன்றைக்கே போய் மடக்கினேன்.

"நீங்க எங்க படத்தில செய்யதத்தானே அக்கா அவரும் செய்தாரு?"

"அவன் செய்தது ஒனக்கே தெரியுது இல்லியா? அதுதான் மரியாத கேடு. நான் செய்தா ஒனக்குக் கண்டுபிடிக்கத் தெரியுமா?"

"சிலது தெரியும்."

"தெரியாததுதான் மக்கா கூடுதல்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. வீட்டுக்கு வந்து பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து, அதுவரை போன ஆல்பங்களின் மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். எனக்கு ஏற்கெனவே சந்தேகப் புத்தி. கடையில் பால் வாங்கினால்கூட விரலில் தொட்டுப் பார்க்கிறவன். இப்போது கேட்கவா வேண்டும்? மூடிய கண் ஒன்று திறந்திருந்தது. மேடைக்குப் பின்னால் பல் குத்திக்கொண்டிருந்தவர் பல் குத்துவதை நிறுத்தியிருந்தார். பூதப்பாண்டியில் முகூர்த்தம் தவறித் தாலி கட்டிய ஒரு கல்யாணத்தில், மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பின்னால் தள்ளி முகூர்த்தத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். நான் எடுத்த படம் என்று நான் காட்டிக்கொண்டிருந்ததில் எது நான் எடுத்தது என்று எனக்கே நிச்சயமில்லாமல் போயிற்று. யாராவது ஒரு படத்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னால், எந்த இடம் நன்றாக இருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்கத் தொடங்கினேன். பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. எவ்வளவு தேடியும் வயசானவர்களின் முகத்தில் அவள் கை வைத்த அடையாளம் ஒன்றுகூட அகப்படவில்லை. மணப்பெண்ணின் அம்மாவே வந்து, தன் கழுத்துச் சுருக்கத்தை எடுக்கச் சொல்லிக் கெஞ்சியதை நான் பார்த்திருக்கிறேன். "அத எடுத்தா பின்ன அது நீங்க இல்ல கேட்டியளா" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். மழையை நிறுத்தலாம், செத்தவரைக் கூட்டி வரலாம், சுருக்கத்தை மட்டும் எடுக்கக் கூடாது. இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் கல்யாணம் வந்தது. நாஞ்சில் நாட்டு வயல்காரக் குடும்பம், நல்ல வசதி. பெண்ணின் அப்பா கறாரான ஆள். மண்டப வாசலிலேயே நின்று பந்தியையும் பூவையும் கேமராவையும் ஒரே கண்ணால் மேய்த்துக்கொண்டிருந்தார். தாய்மாமன் செய்ய வேண்டிய முறைகளையெல்லாம் தூரத்து உறவினர் ஒருவர் செய்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் நாங்கள் எதையும் கேட்பதில்லை.

கடைசியாக மேடையில் பெண் வீட்டுக் குடும்பப் படம். அப்பா மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் நின்றார். அம்மா இந்தக் கோடியில், குத்துவிளக்குக்கு எதிர்ப்புறம் நின்றார். நான் கண்ணை வியூஃபைண்டரில் வைத்த நேரத்தில் பக்கவாட்டுப் படி வழியாக ஒருவர் ஏறி வந்தார். கசங்கிய வெள்ளைச் சட்டை. வந்தவர் அந்த அம்மாளுக்கு அரையடி பின்னால் நின்றார். அவருடைய வலது கை மெல்ல எழும்பி அந்த அம்மாளின் தோளை நோக்கிப் போயிற்று. ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டது. நான் அமுக்கிவிட்டேன். அடுத்த படத்துக்கு அமுக்கும்போது அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் நேரே கேமராவைப் பார்த்தபடியே நின்றார்.

என்னோடு வீடியோ எடுக்க வந்தவர் அந்த ஊர்க்காரர், அப்போது கேமராவை இறக்கிவைத்திருந்தார். காதோடு சொன்னார்: "அண்ணே, அது பொண்ணுக்கு நேர் தாய்மாமன்லா. வயலு பாகம் வச்சதுல மச்சினனும் மச்சினனும் நடுத்தெருவுல கைகலந்தவங்க. அண்ணன் தங்கச்சிக்குள்ள பேச்சே கிடையாது. கை நனைக்காம போறாரு பாருங்க."

அவர் பந்திப் பக்கம் திரும்பாமல் வாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். வந்தவர் சாப்பிடாமல் போனால் வந்ததாகக் கணக்கு இல்லை என்பது எங்கள் ஊர் வழக்கம். அப்படியென்றால் அவர் வந்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி என் கேமராவில் இருந்த அந்தப் படம்தான்.

அன்றைக்கே அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல படம் அது என்று எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்வேன். எழும்பிய கைக்கும் தோளுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு சாண் இடம்தான் படமே. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த அம்மாள் இதைப் பார்ப்பார், அண்ணன் வந்துவிட்டுப் போனதை அறிவார் என்று நினைத்தபோதே எனக்கு நெஞ்சு நிறைந்தது. லேப்புக்கு நானே நேரில் போனேன். பென்டிரைவைக் கொடுத்து, அந்தப் படத்தைத் திறந்து காட்டினேன்.

"அக்கா, கடைசி ஷீட்டுல இத முழுசாப் போடணும். ஒண்ணும் தொட வேண்டாம். பருவக்கூட எடுக்காண்டாம்."

அக்கா வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் படத்தைப் பார்த்தாள். "ஆட்டு" என்றாள். அந்த ஆகட்டும் எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை.

இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு ஆல்பம். பெண் வீட்டார் மார்த்தாண்டம் வந்த வழியில் தங்களுடையதை லேப்பிலேயே நேராக வாங்கிப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆல்பம்தான் என் கைக்கு வந்தது. நான் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கடைசியைத் திருப்பினேன். கசங்கிய சட்டைக்காரர் இல்லை. அவர் நின்ற இடத்தில் ஒரு குத்துவிளக்கு நின்று எரிந்துகொண்டிருந்தது. அந்த மேடையில் ஒரே விளக்குதான் இருந்தது, நான் பார்த்தேன். எதிர்ப்புறத்து விளக்கைத் திருப்பி இந்தப் பக்கம் வைத்திருக்கிறாள். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லேப் மாடியை எப்படி ஏறினேன் என்று தெரியாது.

"அந்த ஆளு எங்க?"

அக்கா திரும்பவில்லை. "ஓரத்தில ஒரு கை அந்தரத்தில நின்னுது. கண்ணுக்குப் பிடிக்கல்ல."

"தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன."

"பின்ன? ஒங்க அட்டையில ஒரு கர போட்டதுக்கு பஸ் ஏறிப் போனீங்களே, என் படத்தில ஒரு மனுசன எடுத்துக் களஞ்சிட்டு நீங்க சாயா குடிச்சிட்டு இருக்கீங்க!"

அவள் உண்மையிலேயே சாயாதான் குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சவத்த விடு மக்கா. ஒரு படந்தானே" என்றாள். நான் இன்னும் என்னென்னவோ சொன்னேன். கத்தினேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டும் இல்லை.

வெளியே வந்தபோது முதலாளி என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு ஒன்றைச் சொன்னார்: "கோவப்படாதீங்க தம்பி. பொண்ணுக்க அப்பா செலக்சனுக்கு வந்து ஒவ்வொண்ணா பாத்துத்தானே எல்லாம் சொல்லிட்டுப் போனாரு."

எனக்குப் பளிச்சென்றது. ஆக, அதுதான் சங்கதி. மச்சினன் முகம் தன் வீட்டு ஆல்பத்தில் இருக்கக் கூடாது என்று அந்தக் கறார் ஆள் சொல்லியிருக்கிறார், இவள் சரியென்று துடைத்துக் கொடுத்திருக்கிறாள். கண்ணுக்குப் பிடிக்கவில்லையாம்! அன்றோடு அந்த லேப்பை விட்டேன். நாகர்கோவிலில் வேறு இடம் பிடித்தேன். டீக்கடையில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்: சொந்த ருசிக்காக அவள் எதைச் செய்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், அடுத்தவன் பகைக்குக் கைக்கோல் ஆகிறவளை நம்பக் கூடாது என்று.

பிறகு என் மூலப் படத்தை நல்ல தாளில் பெரிதாகப் பிரின்ட் போட்டு, பையில் வைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். அந்த அம்மாளின் கையில் நேராகக் கொடுத்துவிட வேண்டும். அண்ணன் வந்தது தங்கைக்குத் தெரியாமல் போனால் அது பாவம். என் படம் போனால் போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு பைக்கை நேராக ஓட்ட முடியாது. பை பறந்துவிடாமல் இருக்க முன்னால் அணைத்துக்கொண்டு ஓட்டினேன். வீட்டில் அந்த அம்மாள் மட்டும் இருந்தார். வீட்டுக்காரர் தோவாளைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் போனேன்.

"வாருங்க தம்பி. ஆல்பம் நல்லா இருந்துதுன்னு எல்லாரும் சொன்னாவ. இரியுங்க" என்றார்.

நான் பைக்குள் கையை விட்டேன். "கடைசிப் படத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும்மா. அதுல ஒரு ஆளு..."

அவர் சட்டென்று வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த டிசைனர் புள்ள ஒங்கள்ட்ட சொல்லிட்டாளா? ஒருத்தர்ட்டயும் சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கினேனே."

நான் கையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

செலக்சனுக்குக் கணவனும் மனைவியுமாகத்தான் போயிருக்கிறார்கள். கடைசிப் படம் திரைக்கு வருவதற்குள், கீழே வண்டியை மாற்றி நிறுத்தச் சொல்லி யாரோ கூப்பிட, அவர் இறங்கிப் போயிருக்கிறார். அந்தச் சமயத்தில்தான் அண்ணன் வந்து நின்றதையே இந்த அம்மாள் முதன்முதலாகப் பார்த்திருக்கிறார்; பதற்றத்தில் முகம் ஒன்றைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லையாம். "இவன எடுத்துரு தாயி, கீழ போயிருக்க இவிய பாத்தா வீட்டுல ரத்தக்களறி ஆயிரும்" என்று கெஞ்சியிருக்கிறார். இது யார் என்று மட்டும் அக்கா கேட்டாளாம். கூடப்பிறந்தவன் என்றாராம். ஆல்பம் வாங்கப் போன அன்று, வீட்டுக்காரர் பார்க்காத நேரத்தில் அக்கா இவர் உள்ளங்கையில் சின்னதாக ஒன்றை வைத்து மூடிவிட்டாளாம்.

அந்த அம்மாள் தையல் மெஷின் டிராயரைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்து என்னிடம் தந்தார். பர்சுக்குள் அடங்கும் அளவு. என் படத்திலிருந்து வெட்டியெடுத்த அண்ணனும் தங்கையும் மட்டும். கசங்கிய சட்டை அப்படியே கசங்கியிருந்தது. தங்கையின் கழுத்துச் சுருக்கம் ஒன்றுகூடக் குறையவில்லை. அண்ணனின் கை தங்கையின் தோளில் இருந்தது.

ஒரு சாண் இடத்தைக் காணோம். விரல்கள் பட்டுச் சேலையில் அழுந்தி, மடிப்பு லேசாகக் குழிந்திருந்தது. கீழ் மூலையில் என் ஸ்டுடியோவின் பெயர். என்னைக் கேட்காமல் போட்டிருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சத்தியத்துக்காக வாயை மூடிக்கொண்டு என்னிடம் அத்தனை ஏச்சையும் வாங்கியவள், இதற்கும் சேர்த்துத்தான் வாயை மூடியிருக்கிறாள். இந்த அம்மாள் மேல் உள்ள இரக்கத்தில் செய்தாளா, அல்லது அந்தரத்தில் நின்ற கை நிஜமாகவே அவள் கண்ணுக்குப் பிடிக்கவில்லையா? இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. முதலாவதாக இருந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

"தம்பி, ஒங்கள்ட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார் அந்த அம்மாள். "வர்ற வெள்ளிக்கிழம அவன் புதுவீட்டுக்குப் பால்காய்ச்சு. எனக்கு அழைப்பு இல்ல. கூடப்பிறந்தவ நான் ஒருத்திதான், நான் இல்லாமலே பால் காய்ச்சப் போறான். தோள்ல கை வச்சுட்டுப் போனவன் வீட்டுக்கு அழைப்பு வேண்டாம். இவிய என்ன சொன்னாலும் செரி, நான் போயிருவேன். ஆனா..."

அவர் படத்தை என்னிடமிருந்து திரும்ப வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம் பாத்துக்கிடுங்க. அண்ணன் கை தோள்ல விழுந்தா நான் அறியாம இருப்பேனா? ஓர்மையே இல்ல. இந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல என்னவெல்லாமோ செய்யுதாவ. வச்சிருக்கான்னு நம்பிப் போயி, அங்க அவன் மூஞ்சியத் திருப்பிட்டான்னா நான் எப்படி வீட்டுக்குத் திரும்பி வருவேன்? நீங்க முன்னால நின்னு பாத்த ஆளு. ஒங்க பேருதான் போட்டிருக்கு. உள்ளதச் சொல்லுங்க தம்பி. வச்சானா?"

பைக்குள் என் விரல்கள் மூலப் படத்தின் விளிம்பைப் பிடித்திருந்தன. அதை வெளியே எடுத்தால் என் படம் பிழைக்கும். வெள்ளிக்கிழமை இந்த அம்மாள் வீட்டிலேயே இருப்பார். அந்தக் கை ஒரு சாணுக்கு அப்பால் ஏன் நின்றது என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? நான் படத்தைத்தான் எடுத்தேன்.

"வச்சாரும்மா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை. அது போதாது என்று எனக்குத் தெரிந்தது.

"வச்சு, பைய ரெண்டு தட்டு தட்டினாரு. கழுத்து நிறைய மாலையும் பட்டுச்சேலையுமா நின்னீங்கல்லா, அதனால தெரிஞ்சிருக்காது."

"தட்டினானா?"

"ஆமா."

அந்த அம்மாள் இடது கையைத் தூக்கித் தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.